பக்கத்து மலையின் வெடி

கண்டிச் சீமையில் கலஹாவுக்கு மேலே, கோப்பித் தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் எனக்கு ஒரு குடிசை இருந்தது. பன்றியும் மரைமானும் இறங்கி இளஞ்செடிகளைப் பாழாக்காமல் காப்பது என் வேலை. தோட்டத்துத் துரை ஒரு பழைய இரட்டைக்குழல் துவக்கு தந்திருந்தார். சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளை எறிய மாட்டோம். அடியில் பொறி கிளப்பும் கேப்பு என்ற சின்ன மூடியை மாற்றி, வெடிமருந்தும் ஈயமும் நிரப்பி மறுபடியும் சுடுவோம். அரிசி வாங்கத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு இறங்கும் நாளைத் தவிர மனித முகம் பார்ப்பது அரிது.

தனியாக இருப்பவனுக்குத் தோட்டா நிரப்புவது ஒரு துணை. மருந்தின் அளவு சரியா என்பதைச் சுட்ட கூடுதான் சொல்லும். விரலால் இழுத்ததும் வழுக்கிக்கொண்டு வந்தால் பயமில்லை. குழலைப் பிடித்துக்கொண்டு வர மறுத்தாலோ, கேப்பு சுத்தியலால் அடித்ததுபோல் தட்டையாகியிருந்தாலோ உள்ளே அழுத்தம் மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். மருந்து மாறும்போதெல்லாம் குறைத்தே தொடங்குவேன்.

பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத் தோட்டத்திலும் ஒரு காவல்காரர் இருந்தார். கம்பளை ஊர் முஸ்லிம். என்னைவிட மூத்தவர் என்பதால் நானா என்று கூப்பிடுவேன். நேரில் சந்தித்தது சில தடவைதான். ஆனால் சாயங்காலம் பன்றிகளை விரட்ட அவர் துவக்கால் ஒரு வெடி வைப்பார். கொஞ்சம் பொறுத்து நான் ஒன்று வைப்பேன். எங்களுக்குள் பேச்சு என்று இருந்தது அவ்வளவுதான்.

ஒரு மழைக்காலம் முடிந்து, கண்டியிலிருந்து இரண்டு தோட்டத்துக்கும் புது மருந்து வந்தது. பழையதைவிடப் பொடியாக இருந்தது. பொடி மருந்து சட்டென்று எரியும். அளவு அதேதான் என்றாலும் வேகம் அதிகம். நான் குறைத்துப் போட்டும் கேப்பு தட்டையானது. இன்னும் குறைத்தேன்.

அன்று சாயங்காலம் நானாவின் வெடி கேட்டது. வழக்கமான கனத்த முழக்கம் இல்லை. பலகை பிளப்பதுபோல் ஒரு சத்தம். புது மருந்தையும் அவர் பழைய அளவிலேயே போட்டிருக்கிறார் என்று புரிந்தது. வெளிச்சம் இருக்கும்போதே ஆற்றைக் கடந்துவிட வேண்டும் என்று இறங்கி ஓடினேன்.

அட்டை கடித்த கால்களோடு போய்ச் சேர்ந்தபோது, நானா துவக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். சுட்ட கூடு இறுகிப்போயிருந்தது. மற்றக் குழலில் சுடாமல் இருந்த தோட்டாவை முதலில் எடுத்துத் தூர வைத்தேன். பிறகு கம்பியைக் குழலுக்குள் விட்டுத் தட்டினோம். வந்து விழுந்த கூட்டின் அடியில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு.

"சத்தம் நல்லா ஈக்கிதுன்னு சந்தோஷப்பட்டேன், தம்பி," என்றார்.

அடுத்த வெடியில் கூடு கிழிந்து நெருப்பு முகத்துக்கே திரும்பியிருக்கும் என்று சொன்னேன். அவர் அந்த வெடிப்பை நகத்தால் தடவிக்கொண்டே இருந்தார்.

"இந்த மலையில நான் மவுத்தாகிக் கெடந்தா யாருக்குத் தம்பி தெரியப்போவுது?"

"எனக்குத் தெரியும் நானா. வெடிச் சத்தம் கேட்டுத்தானே வந்தேன்."

அவர் தோட்டாப் பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

நிரப்பி வைத்திருந்த தோட்டாக்களை எல்லாம் பிரித்துப்போட்டுவிட்டு அங்கேயே படுத்தேன். காலையில் துவக்கை ஒரு மரக்கட்டையோடு கட்டி, மருந்தைக் குறைத்து, தூர நின்று கயிற்றை இழுத்துச் சுட்டுப் பார்த்தோம். கூடு லேசாக வழுக்கி வந்தது. கேப்பும் தட்டையாகவில்லை. நானா சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பிறகு கோப்பியில் நோய் விழுந்து, இலைகளில் மஞ்சள் நிறப் பொடி படியத் தொடங்கியது. செடிகள் மொட்டையாகின. நானாவின் தோட்டத்தை முதலில் கைவிட்டார்கள். அவர் ஊருக்குப் போய்விட்டார் என்பதே எனக்கு லயத்தில்தான் தெரிந்தது. சொல்லிவிட்டுப் போக ஆற்று வெள்ளம் விடவில்லையாம். ஒரு சந்தை நாளில் கம்பளைக்குத் தேடிப் போனேன். மகளோடு கடற்கரைப் பக்கம் போய்விட்டார் என்றார்கள்.

எங்கள் கோப்பியும் போன பிறகு துரை துவக்கைத் திரும்ப வாங்கிக்கொண்டு, என்னைத் தேயிலை நாற்றுமேடைக்கு அனுப்பினார். அங்கே சுற்றிலும் ஆட்கள், ஓயாத பேச்சு. ஒரு வெடியே பேச்சாக இருந்து பழகிய எனக்கு, யாராவது ஏதாவது கேட்டால் பதில் வராது. ஊமை என்று நினைத்த ஒருத்தி, சாப்பிட வரும்படி கையால் சைகை காட்டினாள். நானும் தலையை மட்டும் ஆட்டிவிட்டு அவளுக்குப் பின்னால் போனேன்.