இரண்டு மதிப்பெண் வெட்டுத்துண்டு

பள்ளிக்கூடத்தில் அவருக்கு வெட்டுத்துண்டு டீச்சர் என்றே பெயர். கோடு அச்சை எங்கே வெட்டுகிறது என்று கேட்டால் போதும், இருபத்தாறு வருடமாக ஒரே பாட்டு: "எக்ஸ் வேணுமா, ஒய்யை பூஜ்ஜியமாக்கு. ஒய் வேணுமா, எக்ஸை பூஜ்ஜியமாக்கு. பக்கத்துல நிக்கிற எண்ணை அப்படியே எடுத்து எழுதினா கையை ஒடிச்சுடுவேன்."

அப்பேர்ப்பட்டவர், விடைத்தாள் திருத்தும் கூடத்தில், சாப்பிட்டுவிட்டு வந்து பிரித்த முதல் தாளிலேயே முகம் சுளித்தார். கேள்வி, 3x + 4y = 12. பிள்ளை ஒய்யைப் பூஜ்ஜியமாக்கி எக்ஸ் 4 என்றும், எக்ஸைப் பூஜ்ஜியமாக்கி ஒய் 3 என்றும் மணிமணியாக எழுதியிருந்தது. குறிப்புப்படி தப்பு போடப் போன சிவப்புப் பேனா அப்படியே நின்றது. விடைக்குறிப்பில் எக்ஸுக்கு 3, ஒய்க்கு 4.

பக்கத்தில் நின்ற எண்ணை எந்த மகராசனோ அப்படியே எடுத்து எழுதி, அச்சடித்து, முத்திரையும் குத்தி அனுப்பியிருக்கிறான். கடைசி பெஞ்சு செய்கிற தப்பு. டீச்சர் தாளோடு போய்த் தலைமைத் திருத்துநர் மேசை முன் நின்றார்.

அவர் பல் குத்திக்கொண்டே பார்த்தார். "தெரியும் டீச்சர். முந்தாநாளே ஒருத்தர் சொன்னார். மேலேருந்து வந்த குறிப்பு, நாம கை வைக்க முடியுமா?"

"சரியா போட்ட பிள்ளைக்குத் தப்பு போடணுமா சார்?"

"ரெண்டு மார்க்குதானே. எதுக்கு வீண் வம்பு?"

தெரிந்தே மூன்று நாளாக இப்படி உட்கார்ந்திருக்கிறார். சீ, இதெல்லாம் ஒரு பிழைப்பா.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா சார்?"

அவர் கோபப்படவில்லை. காலையில் டீச்சர் திருத்திக் கொடுத்த கட்டை எடுத்து முன்னால் தள்ளினார். "இதுல இருக்கிறது யார் கையெழுத்து?"

டீச்சர் புரட்டினார். சரியான விடைகள் மேல் வரிசையாகச் சிவப்புத் தப்பு. கணக்கைப் பார்க்கவே இல்லை; குறிப்பை மனப்பாடம் செய்துகொண்டு, கண்ணை மூடிக்கொண்டு போட்டுத் தள்ளியிருக்கிறார். ஒரு தாளில் மொத்தம் முப்பத்து மூன்று. தேற முப்பத்தைந்து வேண்டும்.

அவர் மேல் வந்த அருவருப்பெல்லாம் இப்போது தன் கை மேலேயே திரும்பியது.

நாற்காலியை இழுத்து அங்கேயே உட்கார்ந்தார். தப்பை அடித்து, இரண்டு போட்டு, கூட்டலை முப்பத்தைந்தாக்கி, பக்கத்தில் முழுக் கையெழுத்து இட்டார்.

"டீச்சர், விளக்கம் கேப்பாங்க. வேலைக்கே உலை வெச்சுடுவாங்க."

"கேக்கட்டும். காலையில நான் திருத்தின மத்த கட்டெல்லாம் எங்கே சார்?"