கோழியம்மாவிடம் கேட்ட கேள்வி

கிஸிமி ஊரில் வெர்னா ஹக்கபி என்று கேட்டால் பக்கத்துத் தெருக்காரருக்கே தெரியாது. கோழியம்மா மேரிகோல்ட் என்றால் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். 'பண்ணை உலகம்' கேளிக்கைப் பூங்கா விடுதியில் காலைச் சாப்பாட்டு நேரத்தில், மஞ்சள் இறகும் பூப்போட்ட ஏப்ரனுமாக மேசை மேசையாகப் போய்ப் பிள்ளைகளைக் கட்டிக்கொள்ளும் அந்தக் கோழிக்குள் இருந்தவள் வெர்னாதான். பள்ளிக்கூடத்தில் அவளைக் கட்டைச்சி என்று கூப்பிடாத பயல் கிடையாது. கட்டிய புருஷன் கிளைடும் அதையேதான் சொன்னான், என்ன, கொஞ்சம் செல்லமாக. ஆனால் அந்தக் கோழி உடுப்பு கட்டையான ஆளுக்குத்தான் பொருந்தும். உள்ளே உடம்பு வெந்துபோகும், வியர்வை கண்ணில் இறங்கும். இருந்தாலும் வேறு எங்கே போனாலும் அவளைப் பார்த்து யார் ஓடிவந்தார்கள்? இங்கே ஓடிவந்தார்கள். அதை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை.

கோழி பேசக் கூடாது. அதுதான் அங்கே வேதவாக்கு. தலையாட்டலாம், சிறகை விரிக்கலாம்; மிச்சத்தைக் கூடவே வரும் காரிசா சொல்லிக்கொள்வாள். போன மாதம் ஒரு குழந்தை தும்ம, வெர்னா பழக்கதோஷத்தில், "ஆண்டவர் காப்பாத்தட்டும் கண்ணு" என்று சொல்லித் தொலைத்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற வாய், பாவம் அது என்ன செய்யும்? மேலாளர் டுவைட் கூப்பிட்டு, "இன்னொரு தடவை உள்ளேயிருந்து சத்தம் வந்துச்சு, கார் நிறுத்துற இடத்துக்கு மாத்திருவேன் வெர்னா" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அப்படியிருக்க, அந்த வியாழக்கிழமை காலையில் ஜன்னலோர மேசைக்கு ஒரு வீகன் குடும்பம் வந்து சேர்ந்தது. போர்ட்லண்ட்காரர்கள். பால், முட்டை, தேன்கூட வாயில் வைக்காதவர்கள். அம்மா டாம்சின், அப்பா ஜோயல், ஏழு வயது மகள் ஜூனிப்பர். சமையல்காரரே நேரில் வந்து விசாரித்து, முட்டையும் வெண்ணெயும் சேராத வாஃபிள் என்ற அச்சுப் பலகாரம் சுட்டுக் கொடுத்திருந்தார். ஆனால் அச்சு ஒன்றுதானே இருக்கிறது! தட்டில் மேரிகோல்டின் முகம் பல்லிளித்துக்கொண்டிருந்தது. முட்டையே ஆகாத வீட்டுக்குக் கோழி மூஞ்சியில் பலகாரம். இதை யாரிடம் போய்ச் சொல்ல!

வெர்னா சிறகை விரித்துக்கொண்டு போனாள். ஜூனிப்பர் கட்டிக்கொள்ளவில்லை. பக்கத்து மேசைத் தட்டில் குவிந்திருந்த முட்டைப் பொரியலைக் காட்டிக் கேட்டாள்:

"அதெல்லாம் நீங்களாவே குடுத்தீங்களா? இல்ல உங்களைக் கேக்காம எடுத்துக்கிட்டாங்களா?"

வெர்னாவுக்குக் குப்பென்று வியர்த்தது. ஆமாம் என்று ஆட்டுவதா, இல்லை என்று ஆட்டுவதா? 'எடுத்துக்கிட்டாங்க' என்று காட்டினால் மண்டபத்துப் பிள்ளைகள் அத்தனையும் முட்டைத் தட்டைத் தள்ளிவிட்டு அழும். 'நானேதான் குடுத்தேன்' என்றால் இந்தக் குழந்தைக்கு அவள் அம்மா சொல்லிக் கொடுத்ததெல்லாம் பொய்யாகிவிடும். போதாக்குறைக்கு, வெர்னா காலையில் சோளக்கஞ்சியோடு இரண்டு முட்டை தின்றுவிட்டு வந்திருந்தாள். அது வேறு இப்போது ஏப்பமாக வந்தது.

காரிசா குறுக்கே புகுந்தாள். "மேரிகோல்டுக்கு எல்லாரோடயும் பகிர்ந்துக்கறதுன்னா ரொம்பப் பிடிக்குமாம் செல்லம்!"

"நீங்க சும்மா இருங்க ஆன்ட்டி. நான் அவங்களைத்தான் கேட்டேன்."

வெர்னா சிறகைக் கன்னத்தில் வைத்தாள்.

"பல்லு வலிக்குதா?" என்றார் ஜோயல்.

இரண்டு சிறகையும் விரித்துத் தோளைக் குலுக்கினாள். "டான்ஸ் ஆடுது டோய்!" என்று எங்கோ ஒரு பிள்ளை கத்த, நாலு பிள்ளைகள் எழுந்து ஆட ஆரம்பித்தன. பக்கத்து மேசைப் பெரியவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுத் தன் முட்டையை நாப்கினால் மூடினார். "காசு குடுத்துட்டுக் களவாணி மாதிரி திங்க வேண்டியிருக்கு" என்று முனகினார். காரிசா அவரைச் சமாதானப்படுத்த ஓடினாள்.

"சாப்பிடுடி தங்கம். நேத்து விமானத்துல தின்ன பிஸ்கட்டோட இருக்கே" என்று டாம்சின் கெஞ்சினாள்.

"அவங்க சொல்லட்டும். அப்புறம் சாப்பிடறேன்."

குழந்தையின் முகம் வாடிக் கிடந்தது. உதடு காய்ந்திருந்தது. சின்ன வயதில் அத்தை வீட்டுக் கொல்லையில் வெர்னாவே கோழிக்கு அடியில் கைவிட்டு முட்டை எடுத்தவள். கோழி கொஞ்சம் கத்தும், ஒரு கொத்து கொத்தும், அப்புறம் போய் மண்ணைக் கிளறும். அது கோபமா, துக்கமா, ஒன்றுமே இல்லையா? இத்தனை வருஷம் கோழியாகவே இருந்தவள், இதை ஒருநாளும் யோசித்ததில்லை. அடக் கடவுளே, என்னத்தைச் சொல்வது?

குனிந்தாள். அலகைக் குழந்தையின் காதோரம் வைத்தாள்.

"எனக்கே தெரியல கண்ணு. நெசமாவே தெரியல. ஆறிப்போறதுக்குள்ள நீ சாப்பிடு."

ஜூனிப்பர் சற்று யோசித்தாள். "அப்ப சரி" என்றாள். வாஃபிளைக் கொண்டைப் பக்கத்திலிருந்து பிய்த்துத் தின்ன ஆரம்பித்தாள்.

"அப்பாடா! எப்படிம்மா மனசு மாறுச்சு?" என்றாள் டாம்சின்.

"அவங்களுக்கே தெரியலயாம். காதுல சொன்னாங்க."

டாம்சினின் முகம் மாறியது. "ஜூனி, இவங்க பேச மாட்டாங்க. நம்ம வீட்ல பொய் சொல்லக் கூடாதுன்னு எத்தனை தடவை பேசியிருக்கோம்?"

"பொய் இல்லம்மா! சொன்னாங்க!"

இந்தக் கூத்தைப் பார்க்க டுவைட் அதற்குள் வந்து நின்றுவிட்டார். "எங்க மேரிகோல்ட் பேசவே பேசாது பாப்பா. நீ கற்பனை பண்ணியிருப்பே."

"நீங்களே கேட்டுப் பாருங்க!" குழந்தையின் வாயில் வாஃபிள் அப்படியே நின்றது. கண் நிறைந்துவிட்டது.

டுவைட் திரும்பினார். "மேரிகோல்ட், நீ பேசுனியா?" கேட்டுக்கொண்டே, இல்லை என்று ஆட்டு என்பதுபோலத் தன் தலையைத் தானே மெல்ல இடவலமாக ஆட்டிக் காட்டினார். மனுஷன் நல்லவர்தான். அவளைக் காப்பாற்றத்தான் பார்த்தார்.

ஒரு ஆட்டு. இந்தப் பக்கம், அந்தப் பக்கம். அவ்வளவுதான். நாளைக்கும் பிள்ளைகள் ஓடிவரும். வெர்னா கோழித்தலையின் வலைக்கண் வழியாக ஜூனிப்பரைப் பார்த்தாள். குழந்தை அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. வேறு யாரிடமும் அது நியாயம் கேட்கவில்லை.

அந்தப் பெரிய மஞ்சள் தலை மேலும் கீழுமாக ஆடியது. யாருக்கும் சந்தேகம் வேண்டாம் என்று இன்னொரு முறையும் ஆடியது.

"பாத்தியாம்மா?" என்றாள் ஜூனிப்பர்.

டாம்சின் மகளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கடி" என்றாள். டுவைட் ஒரு பெருமூச்சு விட்டார். பிறகு வெர்னாவின் சிறகைப் பிடித்துச் சமையலறைக் கதவு வழியாக அழைத்துப் போனார்.

இப்போது அவளுக்கு வேலை கார் நிறுத்துமிடத்திலிருந்து ஆட்களை ஏற்றிவரும் வண்டியில். கையில் மைக் கொடுத்திருக்கிறார்கள். "கையை வெளிய நீட்டாதீங்க, பிள்ளைங்களை மடியில வச்சுக்குங்க" என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை ஓயாமல் பேசுகிறாள். பிள்ளைகள் வண்டி நின்றதும் அவளைத் தாண்டிக் குதித்து, கோழியம்மாவைப் பார்க்க உள்ளே ஓடுகிறார்கள்.