ஒரே நாய் ஓடிய போட்டி

என் வீட்டுக்காரர் நாய் வாங்கப் போகவில்லை. கார் நிறுத்த இடம் தேடித்தான் போனார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, பேரங்காடி வாசலில் என்னை இறக்கிவிட்டு, "அஞ்சு நிமிஷம், பார்க்கிங் பாத்துட்டு வரேன்" என்று மேலே போனார். நான் சாமான்கள் எல்லாம் வாங்கி முடித்து, உட்கார்ந்து ஐஸ் கச்சாங் சாப்பிட்டு, பையில் இருந்த மீனிலிருந்து தண்ணீர் சொட்டத் தொடங்கிய பிறகும் ஆளைக் காணோம். தேடிக்கொண்டு மேல்தளத்துக்குப் போனேன். அங்கே கார்களை அப்புறப்படுத்திவிட்டு, கம்பளம் விரித்து, கயிறு கட்டி நாய்க் கண்காட்சி நடத்திக்கொண்டிருந்தார்கள். இவர் கயிற்றைப் பிடித்தபடி, உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி போட்ட ஒரு டால்மேஷன் நாயையே பார்த்துக்கொண்டு நின்றார். என்னைப் பெண் பார்க்க வந்த அன்றைக்குக்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை.

அந்த நாய்க்குச் சொந்தக்காரர், ரவாங்கில் டால்மேஷன் வளர்க்கும் ஒரு சீன ஆன்டி. அவரிடம் குட்டி வாங்குவது பெண் எடுப்பதைவிடக் கஷ்டமான காரியம். வேலி இருக்கிறதா, பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், வெயிலில் கட்டிப்போடுவீர்களா என்று பல வாரம் விசாரணை நடந்தது. கடைசியில் மலாயும் ஆங்கிலமுமாக ஒரு நிபந்தனை போட்டார். இது வாசல் போர்ச்சில் கட்டிவைக்கிற நாய் இல்லை, போட்டி ரிங்கில் ஓட வேண்டிய நாய். இரண்டு வயது முடிவதற்குள் கண்காட்சியில் ஒரு சர்ட்டிபிகேட் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் தன்னிடமே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். ஓட்டத் தெரிந்த யாரிடமாவது அவர் கொடுத்துக்கொள்வார்.

இவர் யோசிக்கவே இல்லை, தலையை ஆட்டிவிட்டார். போர்ட் கிள்ளானில் கண்டெய்னர் அடுக்கும் இடத்தில் சூப்பர்வைசர். எவ்வளவு பெரிய லோரியையும் இரண்டு விரலை ஆட்டி ரிவர்ஸில் வரவழைத்துவிடுவார். ஒரு நாயை வட்டமாக ஓட்டுவது என்ன பெரிய வித்தை என்று நினைத்திருப்பார்.

குட்டி கிள்ளானுக்கு வந்து சேர்ந்தது. அதன் பதிவுப் பெயர் ராஜ குடும்பத்துப் பட்டம் மாதிரி நீளமானது, ஒரு மூச்சில் சொல்லி முடிக்க முடியாது. வீட்டில் அதன் பெயர் 'டேய்'. குளிப்பாட்ட மாட்டேன், பின்னாலேயே போய் அள்ள மாட்டேன், ஹாலுக்குள் விட மாட்டேன் என்று முதல் நாளே நான் தெளிவாகச் சொல்லிவிட்டேன். ஒரு மாதத்துக்குள் தோசை சுடும்போது முறுகலாக ஒன்றைத் தனியாக எடுத்துவைக்க ஆரம்பித்திருந்தேன். தனக்குத்தான் என்று நினைத்து இவர் கையை நீட்டியபோது கையைத் தட்டிவிட்டேன்.

எதிர்வீட்டு அக்கா குட்டியைப் பார்த்ததும், "இவனுக்குக் கண்ணே படாதுலா. கடவுளே உடம்பு பூரா திருஷ்டிப் பொட்டு வச்சு அனுப்பிட்டாரு" என்றார். அதற்கு இவர் சிரித்த சிரிப்பில் ஒரு நையாண்டி இருந்தது. திருஷ்டி, சகுனம் எல்லாம் மூடத்தனம் என்பது அவர் கட்சி. எங்கள் பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது நான் வைத்துவிடும் பொட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டுத்தான் தூக்கிக்கொள்வார்.

கண்காட்சியில் நாய் சிலை மாதிரி நிற்க வேண்டும். நடுவர் வந்து வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முதுகைத் தடவுவார், ஆண் நாயாக இருந்தால் பின்னால் கையை விட்டு விதை இரண்டும் இறங்கியிருக்கிறதா என்றும் பார்ப்பார். அறிமுகம் இல்லாத ஆள் இதையெல்லாம் செய்யும்போது நாய் அசையக் கூடாது. இதற்கு ஒரே வழி, அறிமுகம் இல்லாத ஆட்களை வைத்துப் பழக்குவதுதான் என்று ஆன்டி சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் சும்மா திரும்பிப் போகவில்லை. கேஸ் தோம்பு கொண்டுவரும் அண்ணன் பல் பார்த்தார். தண்ணீர் மீட்டர் பார்க்க வந்தவர் மீட்டரை மறந்துவிட்டு முதுகைத் தடவினார். நான் பல் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் இருப்பவள் என்பதால், கடைவாய்ப் பல்லை எப்படிக் காட்டுவது என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

எனக்குத் தூரத்துச் சொந்தமான ஒரு மாமா, தன் மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தார். பட்டு வேட்டி, தாம்பாளம், வெற்றிலை பாக்கு எல்லாம் முறையாக இருந்தது. காப்பி குடித்து முடித்ததும் இவர் மெல்ல ஆரம்பித்தார்.

"மாமா, ஒரு சின்ன ஹெல்ப். இவன் பல்ல கொஞ்சம் பாருங்க."

மாமா பார்த்தார்.

"நல்லாருக்கு மாப்ள."

"அப்படியே பின்னாடி வந்து, ரெண்டும் இருக்கான்னு தொட்டுப் பாருங்க."

மாமா என்னைப் பார்த்தார். நான் அடுப்பில் ஏதோ தீய்வதுபோல் எழுந்து உள்ளே போய்விட்டேன். அந்தக் கல்யாணத்துக்கு நாங்கள் போனபோது, பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த மாமா இவரைக் கண்டதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ரிங்கில் ஓட்டுபவர் கோட் போட வேண்டும். அளவெடுத்துத் தைக்க பிரிக்பீல்ட்ஸுக்குப் போனோம். தையல்காரர் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "யாருக்கு அங்கிள் கல்யாணம்?" என்று கேட்டார். இவர் மிகவும் கண்ணியமாக, "கல்யாணம் இல்லப்பா, நாய் ஓட்டணும். வலது பக்கம் ஒரு பெரிய பாக்கெட் வைங்க, ஈரல் போடறதுக்கு" என்றார். நாயின் கவனத்தை இழுக்க ஓட்டுபவர்கள் பையில் அவித்த ஈரல் துண்டு வைத்துக்கொள்வார்கள். தையல்காரர் அந்தப் பாக்கெட்டுக்கு மட்டும் இரண்டு முறை அளவெடுத்தார்.

இவ்வளவும் செய்துவிட்டு ரிங்குக்குப் போனால், ஒரு விசித்திரம் காத்திருந்தது. எங்கள் வட்டாரத்தில் டால்மேஷன் வைத்திருப்பவர்கள் குறைவு. பெரும்பாலும் எங்கள் பிரிவில் எங்கள் நாய் மட்டும்தான் இருக்கும். ஆனால் தனியாக வந்துவிட்டதால் சர்ட்டிபிகேட் தந்துவிட மாட்டார்கள். தகுதி இருக்கிறது என்று நடுவருக்குத் தோன்ற வேண்டும். என் வீட்டுக்காரர் போட்டிக்கு ஆளே இல்லாத போட்டியில் தொடர்ந்து தோற்றார்.

காரணம் நாய் இல்லை. டேய் அழகாக நின்றது, அழகாக ஓடியது. ஆனால் பெரியவர்களுக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் இவர். நடுவர் எந்தப் பக்கம் போனாலும் அந்தப் பக்கம் திரும்பி, மரியாதையாகச் சிரித்துக்கொண்டு, நாயை முழுக்க மறைத்துக்கொண்டு நிற்பார். நடுவர் எட்டிப் பார்த்தால் இவரும் கூடவே நகர்வார். நாயின் வால் மட்டும் ஒரு பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். நான் கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று கண்ணில் நீர் வரச் சிரிப்பேன். கைப்பேசியில் பிடித்துக் குடும்பக் குழுவிலும் போடுவேன். "சிரி சிரி, நாய அவங்க கூட்டிட்டுப் போறப்பவும் இப்படியே சிரி" என்று இவர் ஒருமுறை சொன்னார். அதன் பிறகு சிரித்தேன்தான், ஆனால் அவ்வளவு சத்தமாக இல்லை.

இரண்டு வயது முடிவதற்குமுன் கடைசியாக ஒரு கண்காட்சி இருந்தது. ஆன்டியும் வந்து ரிங் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பெண்மணி நடுவர். என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஒரு தப்பும் செய்யவில்லை. முதுகைக் காட்டினார், விலகி நின்றார். நடுவர் குனிந்து டேயின் முகத்தைப் பிடித்துப் பல்லைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தன் கட்டைவிரலைப் பார்த்தார். விரல் கறுப்பாக இருந்தது.

அந்த அம்மாள் கன்னத்தில் இருந்த ஒரு புள்ளியை மறுபடி தேய்த்தார். புள்ளி நீண்டு கோடாயிற்று. பக்கத்துப் புள்ளியைத் தேய்த்தார், அது அசையவில்லை. பிறகு நம்பிக்கையே போனவர் மாதிரி காது, தோள், முதுகு என்று ஒவ்வொரு புள்ளியாகத் தேய்த்துக்கொண்டே போனார். ரிங்கைச் சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். கன்னத்தில் இருந்தது என் கண்மை என்று எனக்கு அந்த இடத்திலிருந்தே தெரிந்தது. காலையில் இவர் நாயோடு குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு அவ்வளவு நேரம் என்ன செய்தார் என்பதும் தெரிந்தது.

"இது என்ன?" என்று நடுவர் ஆங்கிலத்தில் கேட்டார்.

"கண்ணுக்கு வைத்தது, மேடம்."

"நாயின் கண்ணுக்கா?"

"இல்லை மேடம். உங்கள் கண்ணுக்கு."

உரோமத்தில் எந்தச் சாயமும் இருக்கக் கூடாது என்பது விதி. நடுவர் வருத்தத்தோடுதான் வாசலைக் காட்டினார். இத்தனை புள்ளிக்கு நடுவே ஒன்று கூடினால் யாருக்குத் தெரியும் என்று நினைத்திருக்கிறார் மனிதர். பிள்ளைகளுக்கு வைத்ததைத் துடைத்தவர் நாய்க்கு வைத்திருக்கிறார். வேறு நாளாக இருந்தால் ஒரு வருடத்துக்கு இதை வைத்தே அவரை ஓட்டியிருப்பேன்.

ரிங் வாசலுக்கு ஆன்டி வந்தார். கையை நீட்டினார். இவர் வாதாடவில்லை. சொன்ன சொல்லை மாற்றத் தெரியாத ஆள். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்த குணம் அது. அன்றைக்கு அதன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. நாயைப் பிடித்திருந்த லீஷை ஆன்டியிடம் கொடுத்துவிட்டு, பையைத் திறந்து தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தார், துண்டை எடுத்தார். ஒவ்வொன்றாக ஆன்டியின் காலடியில் அடுக்கினார்.

"ஆன்டி, இடி இடிச்சா மேசைக்கடியில போயிருவான். வான்னு கூப்பிடாதீங்க. கீழ உக்காந்து காத தடவிக்கிட்டே இருங்க, போதும்" என்று மலாயில் சொன்னார். எனக்கு அதற்குமேல் நிற்க முடியவில்லை. கயிற்றைத் தூக்கிக்கொண்டு குனிந்து உள்ளே போனேன்.

"ஆன்டி, பிளீஸ்லா. இன்னும் ஒரே ஒரு ஷோ. இந்த வாட்டி நான் ஓட்டுறேன்."

ஆன்டி என் சேலையைப் பார்த்தார், செருப்பைப் பார்த்தார்.

"நீயா? நீ எப்பவும் வெளிய நின்னு சிரிக்கிற ஆளாச்சே."

"சிரிச்சு சிரிச்சுத்தான் ஆன்டி அவர் பண்ற தப்பெல்லாம் எனக்கு மனப்பாடம்."

ஆன்டி சிரிக்கவில்லை. கீழே இருந்த கிண்ணத்தையும் துண்டையும் பார்த்தார். "ஒரு ஷோ. அதோட முடிஞ்சது" என்று லீஷை என்னிடம் கொடுத்தார்.

இப்படித்தான் ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு நான் முதன்முதலாகக் காலணி கட்டி ஓடினேன். எங்கள் தாமான் குடியிருப்பின் திடலில் தினமும் சாயங்காலம் இவர் நடுவராக நிற்பார், நானும் டேயும் சுற்றி ஓடுவோம். "கைய தூக்காத... முட்டிய மடக்கு... இது ஓட்டமா, பஸ்ஸ விட்டுட்டு ஓடறியா?" என்று இத்தனை நாள் வாங்கியதை எல்லாம் வட்டியோடு திருப்பிக் கொடுத்தார். எதிர்வீட்டு அக்கா நாற்காலி போட்டு உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, இவ்வளவு நாள் இவரைப் பார்த்துச் சிரித்தது எவ்வளவு சுலபமான வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கண்காட்சி ஒரு மண்டபத்தில் நடந்தது. எங்கள் முறை வருவதற்குமுன் ஆன்டி இவரை விரட்டினார். நாய் கண்ணில் படாமல் எங்கேயாவது போய் ஒளிந்துகொள், உன்னைப் பார்த்தால் அது ஓடாது என்றார். இவர் மண்டபத்தின் கடைசியில் இருந்த ஒரு தூணுக்குப் பின்னால் போய்விட்டார். எல்லாத் தோல்விக்கும் நேரில் நின்றவருக்கு இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை.

ரிங்குக்குள் நுழைந்ததும் டேய் தலையைத் திருப்பித் திருப்பி அவரைத் தேடியது. நடுவர் சிரிக்காத முகத்தோடு ஒரு வயதானவர். கையசைத்து ஓடச் சொன்னார். நாய் நகரவில்லை. ஈரலைக் காட்டினேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை வாய்தான். குனிந்து, "டேய், அந்த மனுஷன் பேரக் காப்பாத்துறது இப்ப உன் கையிலதான் இருக்கு. அவர அப்பறம் தேடலாம், வா" என்றேன். காது என் பக்கம் திரும்பியது. பேசிக்கொண்டே ஓடினேன். அதுவும் என் குரலைக் கேட்டபடியே தலையை நிமிர்த்தி ஓடிவந்தது. வட்டத்தை முடித்தபோது எனக்கு மூச்சு இல்லை. நடுவர் நீண்ட நேரம் நாயைப் பார்த்தார், மேசைக்குப் போனார், திரும்பி வந்து ஒரு ரிப்பனை என் கையில் வைத்தார். எனக்குப் புரியவில்லை. கயிற்றுக்கு வெளியே ஆன்டி தலையை ஒருமுறை ஆட்டிவிட்டு அடுத்த நாயைப் பார்க்கத் திரும்பியபோதுதான் சர்ட்டிபிகேட் கிடைத்துவிட்டது என்று புரிந்தது.

நாயை இழுத்துக்கொண்டு தூணுக்கு ஓடினேன். பக்கத்து ரிங்கிலும் கைதட்டிக்கொண்டிருந்ததால் யாருக்கு என்ன ஆயிற்று என்று இவருக்குத் தெரிந்திருக்காது. சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். தரையில் நாயின் நகச் சத்தம் கேட்டுத் திரும்பினார். டேய் அவர்மேல் பாய்ந்தது. அவர் என் கையில் இருந்த ரிப்பனைப் பார்க்கவே இல்லை. எனக்குப் பின்னால் ஆன்டி வருகிறாரா என்று பார்த்தார்.

"வீட்டுக்கு வரானா?" என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவர் எது கேட்டாலும் என் வாயில் ஒரு குத்தல் தயாராக இருக்கும். அன்றைக்கு, "வரான்" என்று மட்டும் சொல்லி லீஷை நீட்டினேன். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.