இஸ்திரி போட்ட ஸ்லீவ்

அவளை எனக்குப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவளுக்கு வக்காலத்து வாங்க வந்தவள் என்று பிறகு யாரும் நினைக்க வேண்டாம். என் தையல் கடைக்கும் அவர்களுடைய சலவைக் கடைக்கும் நடுவே ஒரு பலகைத் தடுப்புதான். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஊசி நழுவும்.

கடை அண்ணன் தம்பி இருவருடையது. நடத்துவது அவர்களின் மனைவிமார். மூத்தவள் இவள், முன்னால் 'அக்கா', முதுகுக்குப் பின்னால் 'மிளகாய்'. மார்பில் புற்றுநோய் வந்து, அறுவையின்போது வலது அக்குளில் இருந்த நிணநீர்க் கணுக்களையும் எடுத்துவிட்டார்கள். பிழைத்து வந்தாள், வாயும் கூடவே பிழைத்து வந்தது. சில மாதங்களில் அந்தப் பக்கத்துக் கை வீங்கியது. நீர் வடிய வழியில்லாமல் வருகிற வீக்கம், முழுசாகப் போகாது, தினமும் கவனித்தால் அடங்கியிருக்கும், விட்டால் இறுகிவிடும், பிறகு சட்டைகூட மடிக்க முடியாது என்று பிசியோதெரபி பெண் சொல்லி அனுப்பினாள்.

அன்றிலிருந்து அந்தக் கைதான் அவளுக்குப் பிள்ளை. காலையில் கழுத்தோரத்தில் தொடங்கி, பூனையைத் தடவுகிற மாதிரி மெல்லத் தடவுவாள். சின்னக் கீறல் விழுந்தாலும் கழுவி மருந்து போட்டுவிடுவாள். பிறகு வீக்கத்தை அமுக்கிப் பிடிக்கிற இறுக்கமான எலாஸ்டிக் ஸ்லீவை இழுத்து மாட்டுவாள். சூடு ஆகாதென்று இஸ்திரி மேசையை விட்டுவிட்டுத் துணி வாங்கி வைக்கும் வேலைக்கு மாறினாள். இஸ்திரி மொத்தமும் ஓரகத்தி தலையில் விழுந்தது.

"கை வீங்கினா மகாராணி ஆயிடலாம்னு தெரியாமப் போச்சே," என்பாள் ஓரகத்தி, எனக்கும் கேட்கும்படி.

"நீயும் ஆயிடேன். மூஞ்சி ஏற்கெனவே வீங்கித்தான இருக்கு."

ஸ்லீவை அவளே கையால் அலசி நிழலில் உலர்த்துவாள். ஒருநாள் கொடியில் கிடந்த மற்றத் துணிகளோடு ஓரகத்தி அதையும் எடுத்து, சூடாக இஸ்திரி போட்டு மடித்து வைத்துவிட்டாள். அந்தக் கடையில் தரை துடைக்கும் துணிக்கும் இஸ்திரி உண்டு. வேண்டுமென்றே செய்தாளா, பழக்க தோஷமா, கடவுளுக்கே வெளிச்சம்.

சூட்டில் எலாஸ்டிக் செத்துப்போயிருந்தது. அது தெரியாமல் மாட்டிக்கொண்டவள் என்னிடம் ஓடி வந்தாள்.

"பாத்தியா, எவ்வளவு லூசா இருக்கு! கை வத்திடுச்சு!"

அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். நானும் நம்பினேன்.

வாரம் திரும்புவதற்குள் விரல்களை மடக்க முடியவில்லை. கை கனத்துத் தொங்கியது. ஸ்லீவைத் திருப்பிப் பார்த்தவள் மடிப்புக் கோட்டைக் கண்டுபிடித்தாள்.

"சுருக்கமா இருந்துச்சு, போட்டேன். இதுக்குப் போய்..." என்று இழுத்தாள் ஓரகத்தி.

மிளகாய் கத்துவாள் என்று காத்திருந்தேன், கத்தவில்லை. பிசியோதெரபி பெண்ணிடம் போனில் கேட்டுக்கொண்டு, துணி வாங்கும் மேசையிலேயே உட்கார்ந்து, இடது கையால் கட்டுத்துணியைச் சுற்றத் தொடங்கினாள். விரல்களிலிருந்து மேலே, அடியில் இறுக்கி, போகப்போகத் தளர்த்தி. சுருள் இரண்டு முறை கீழே விழுந்து உருண்டது. வாடிக்கையாளர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

ஓரகத்திக்கு முகம் செத்துவிட்டது. சுருளை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"குடுங்கக்கா, நான் சுத்தி விடறேன்."

"வச்சிட்டுப் போ. நீ தொட்டா எனக்கு வலிக்கும்னு இல்ல. உனக்குப் புண்ணியம் வந்துடுமேன்னுதான்."