மனைவிக்குத் தொழில் இல்லை என்று சொன்னேன்

நான் ஓலைத்தொடுவாயில் கடற்றொழில் செய்கிறேன். போன வருடம் குடும்ப விபரம் பதிய வந்த உத்தியோகத்தர் என் மனைவியின் தொழிலைக் கேட்டார். "அவ சும்மா வீட்டிலதான்" என்றேன். அந்த நேரம் அவள் வளவில் கருவாடு பிரட்டிக்கொண்டு நின்றாள்.

சில மாதத்தில் புயல் வந்தது. கருவாடு காயப்போடும் தட்டிகளும் உப்புப் பீப்பாக்களும் அள்ளுண்டு போயின. பல நாட்களாகக் கடலுக்குப் போகத் தடை. வீட்டுக்குள் இருந்த கருவாட்டை அவள் விற்றதால்தான் சாப்பிட்டோம்.

தொழில் உபகரணம் இழந்தவர்களுக்கு அரசாங்கம் புதிதாகத் தருகிறது என்று கேள்விப்பட்டு இருவரும் பிரதேச செயலகக் கந்தோருக்குப் போனோம்.

"அக்காவுக்குத் தொழில் இல்லையெண்டெல்லோ பதிஞ்சு கிடக்கு" என்றார் அங்கிருந்த பெண். மனைவி என்னைப் பார்த்தாள். அப்படிச் சொன்னது நான்தான் என்று ஒத்துக்கொண்டு, திருத்த முடியுமா என்று கேட்டேன்.

நல்ல காலம், திருத்துவதற்கு அடுத்த நாள் வரை தவணை இருந்தது. அவளிடம் வழமையாகக் கருவாடு வாங்கும் சிலாவத்துறை வியாபாரி அது அவளுடைய தொழில்தான் என்று உடனே கடிதம் எழுதித் தந்தார். மறுநாள் கந்தோரில் நான் வாயைத் திறக்க, மனைவி தடுத்தாள்.

"நீங்கள் பேசாமல் இருங்கோ. மீன் வெட்டி, உப்புப் போட்டு, காயவைச்சு விக்கிறது நான். நானே சொல்லுறன்."

பதிவைத் திருத்தினார்கள். தட்டிகளும் பீப்பாக்களும் கிடைத்தன.

இப்போது யார் படிவத்தோடு வந்தாலும் நான் என் தொழிலை மட்டும் சொல்கிறேன். பிறகு அவளைக் கூப்பிட்டு, அவள் உட்காரக் கதிரையை விட்டு எழும்புகிறேன்.