குனிந்து நடந்த கல்யாணம்

முகம்மது கவுஸ் பெங்களூர் விமான நிலையத்தில் வேலை பார்க்கிறான் என்றதும், பாலக்கோட்டில் பாதிப் பேர் அவன் விமானம் ஓட்டுகிறான் என்றே நினைத்துக்கொண்டார்கள். அவன் மனைவி ஜான் பீயின் தாய்மாமன் ஒருநாள் அவனை வழியில் நிறுத்தி, மேலே போகும்போது நம்ம ஊர் சர்க்கரை ஆலைப் புகைக்கூண்டு தெரிகிறதா என்று கேட்டார். பெரியவர் மனசு நோகக் கூடாதென்று இவனும் தெரிகிறது என்று சொல்லிவிட்டு வந்தான். அவன் ஒரு தடவைகூடப் பறந்ததில்லை. விமானத்தின் வயிற்றுக்குள் பெட்டி ஏற்றுவதும் இறக்குவதும்தான் அவன் வேலை.

என் பெயர் மாதையன். தக்காளி மண்டியில் கூடையோடு மல்லுக்கட்டுகிறவன். கவுஸும் நானும் ஒன்றாகத்தான் பஸ் கூரைமேல் கூடை ஏற்றிக்கொண்டிருந்தோம். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். கண்டக்டரோடு சண்டை போடாத நாள் கிடையாது. அவன் அப்படியே எனக்கு நேர்மாறு. நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, அடுத்த கூடையைத் தூக்கிக் கொடுப்பான். அதைப் பார்த்தால் எனக்கு இன்னும் கோபம் வரும்.

பிறகு சொந்தக்காரர் ஒருவர் பெங்களூரில் அவனுக்கு லோடர் வேலைக்குச் சொல்லிவைத்தார். போய்விட்டு முதல் தடவை ஊருக்கு வந்தவனிடம், அங்கே என்னடா வேலை என்று ஆசையாகக் கேட்டேன். குப்பை பொறுக்குகிறோம் என்றான். கேட்டதும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. குப்பை பொறுக்க பாலக்கோட்டில் இடமில்லையா, அதற்குப் பெங்களூருக்கா போக வேண்டும்?

அப்புறம்தான் விளக்கினான். விமானம் வந்து நிற்கிற தளத்தில் ஒரு திருகாணி, ஒரு கூழாங்கல், ஒரு கந்தல் துணி கிடக்கக் கூடாதாம். எஞ்சின் உள்ளே இழுத்தாலும் ஆபத்து, அதன் காற்று வெளியே வாரி அடித்தாலும் ஆபத்து. அதனால் வேலை தொடங்குவதற்கு முன்னால் எல்லாரும் கை தொடுகிற தூரத்தில் வரிசையாக நிற்பார்கள். தரையையே பார்த்துக்கொண்டு, கிடப்பதைப் பொறுக்கிக்கொண்டு, அந்தக் கோடிவரை நடப்பார்கள். லோடர், மெக்கானிக், மேற்பார்வை பார்க்கிறவர் என்று பேதமெல்லாம் கிடையாது. கோடு என்றால் எல்லாரும் நிற்க வேண்டும்.

நாளாக ஆக அந்தப் பழக்கம் அவன் உடம்பிலேயே ஊறிப்போயிற்று. பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் நேராக வீட்டுக்குப் போக மாட்டான். சோடா மூடி, கம்பித் துண்டு, உடைந்த வளையல் என்று குனிந்து குனிந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டுதான் போவான். துணி துவைக்கும்போது ஜான் பீயின் விரலில் கம்பி குத்தும். ஊர்க் குப்பைக்கெல்லாம் என் வீடுதான் கிடைத்ததா என்று தெருவே கேட்கிற மாதிரி சத்தம் போடுவாள். அவன் சிரித்துக்கொண்டே அவள் கையைப் பிடித்துப் பார்ப்பான். ரயிலடிப் பையன்கள் அவனுக்குக் 'குனியற பாய்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதற்கும் சிரிப்புதான்.

அவன் மகள் வஹிதாவுக்கு மாப்பிள்ளை தருமபுரியில் அமைந்தது. பையன் நசீருதீன் தங்கமான பிள்ளை. அவன் அப்பா அக்பர் அலிதான் பெரிய வில்லங்கம். இரும்புக் கடைக்காரர். ஆணியையும் தாழ்ப்பாளையும் விற்று முன்னுக்கு வந்தவர், அந்த இரும்பையே கொஞ்சம் மனசுக்குள்ளும் வைத்துக்கொண்டார் போலிருக்கிறது. பெட்டி தூக்குகிற ஆள் வீட்டிலா பெண் எடுப்பது என்று பல மாதம் முறுக்கிக்கொண்டு இருந்தார். பையன் பிடிவாதமாக நின்றதால் கடைசியில் இறங்கி வந்தார். கல்யாணத்தில் ஒரு குறை வந்துவிட்டால் போதும், அதைச் சாக்காக வைத்து எழுந்து போய்விடுவார் என்று கவுஸுக்குத் தெரியும். ராத்திரியெல்லாம் தூங்காமல் கிடந்தான்.

பள்ளிவாசலில் கட்டட வேலை நடந்துகொண்டிருந்ததால், நிக்காஹையும் விருந்தையும் கவுஸ் வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. அந்த மனையை ஒட்டினாற்போல் பள்ளிக்கூட மைதானம். நடுவில் இருந்த சுவர் எப்போதோ விழுந்துவிட்டது. முதல் நாள் சாயங்காலம் பந்தல் ஜோராக எழுந்து நின்றது. மூங்கில் நட்டு, கீற்று வேய்ந்து, சிவப்பும் வெள்ளையுமாகத் துணி கட்டி, ஜிகினாத் தோரணம் தொங்கவிட்டிருந்தோம். அப்போது ஒரு ஜீப் மைதானத்துக்குள் வந்தது. அதிலிருந்து இறங்கினவர்கள் நடு மைதானத்தில் சுண்ணாம்பால் பெரிய வட்டம் போட்டார்கள். தேர்தல் நேரம். நாளைக்குக் காலை பத்து மணிக்குக் கட்சித் தலைவர் ஒருவர் ஹெலிகாப்டரில் வந்து இங்கேதான் இறங்கப்போகிறார் என்றார்கள்.

தெருவே குதித்தது. கல்யாணத்துக்கு ஹெலிகாப்டர் வருகிறது, வஹிதா யோகக்காரி என்று பெண்கள் கன்னத்தைத் தடவிப் பாராட்டினார்கள். கவுஸ் மட்டும் அந்த வட்டத்தையும் பந்தலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். ஜீப்காரர்களிடம் போய்ப் பேசிப் பார்த்தான். இடம் மேலே முடிவானது, மாற்ற முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

திரும்பி வந்து என் தோளில் கை வைத்தான்.

"மாது, பந்தலப் பிரிக்கணும்டா."

எனக்கு வந்த கோபத்தில் அவனை அங்கேயே அடித்திருப்பேன். காலையிலிருந்து முதுகொடியக் கட்டியவன் நான். ஹெலிகாப்டர் இறங்குகிறபோது வீசுகிற காற்றில் கீற்றும் துணியும் பறக்கும், மூங்கில் சாயும், கீழே இருப்பவர்கள் கதி என்ன என்றான். இறங்கின பிறகு கட்டிக்கொள்ளலாமே என்றேன். பத்து மணி என்று சொல்கிற தலைவர் எந்தக் காலத்தில் பத்து மணிக்கு வந்திருக்கிறார், வந்தால் திரும்பவும் கிளம்ப வேண்டாமா என்று கேட்டான். திட்டிக்கொண்டே கீற்றைப் பிரித்தேன்.

மறுநாள் காலை கல்யாண மனையில் வெறும் மூங்கில்கள் மட்டும் நின்றன. பிரியாணித் தேக்சாக்களைச் சுவருள்ள பின்கட்டுக்கு மாற்றி, மூடிகளைக் கயிறு போட்டுக் கட்டி, மேலே கல் வைத்தோம். அதோடு விட்டானா கவுஸ்? புதுச்சட்டை போட்டு அத்தர் பூசிக்கொண்டு வந்த சொந்தக்காரர்களையெல்லாம் மைதானத்து ஓரத்தில் வரிசையாக நிறுத்தி, குனிந்து நடக்கச் சொன்னான். காற்றில் வருகிற கூழாங்கல் ஒரு குழந்தையின் கண்ணில் பட்டால் கண்ணே போய்விடும் என்றான். முதலில் முனகினார்கள், பிறகு நடந்தார்கள். காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு, லத்தியை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவரும் குனிந்தார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மாப்பிள்ளை வீட்டு பஸ் வந்து நின்றது.

அக்பர் அலி ஜன்னல் வழியாகப் பார்த்தார். மொட்டை மூங்கில். மைதானத்தில் குப்பை பொறுக்குகிற பெண் வீட்டார். அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கவுஸ் ஓடிப்போய் சலாம் சொன்னான். அவர் இறங்கவில்லை.

"பந்தலு கூட இல்லாத எடத்துல எம் பையனுக்கு நிக்காஹ் நடக்காதுங்க. துணியக் கட்டுங்க. இல்லன்னா பஸ்ஸத் திருப்பச் சொல்றேன்."

ஜான் பீ வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே வஹிதாவுக்கும் கேட்டிருக்கும். கட்டித் தொலையேன்டா என்று எனக்கே வாய் வரைக்கும் வந்துவிட்டது. மகள் வாழ்க்கையைவிடவா காற்று பெரிது?

கவுஸ் ஜன்னலுக்குக் கீழே நின்று நிதானமாகத்தான் பேசினான்.

"நீங்க சொன்னா கட்டிருவேனுங்க. ஆனா அதுக்கு அடியில உக்காரப்போறது உங்க வூட்டுப் பொம்பளைங்களும் கொழந்தைங்களும். மூங்கிலோட பிச்சுக்கிட்டு வந்துச்சுன்னா நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நிப்பேன்? எனக்கு மனசு வரலீங்க."

"பெட்டி தூக்கற ஆளு நீங்க. ஹெலிகாப்டரப் பத்தி உங்கள யாருங்க கேட்டா?"

கவுஸ் தலைகுனிந்தபடி திரும்பிப் போய் வரிசையில் தன் இடத்தில் நின்றுகொண்டான். எனக்கு நெஞ்சு எரிந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று பஸ்ஸை நோக்கி நடந்தேன். ஜான் பீ தூரத்திலிருந்தே என்னை ஒரு முறை முறைத்தாள், அதோடு அடங்கிப் போய் நானும் வரிசையில் நின்றுகொண்டேன்.

அப்போது பஸ்ஸிலிருந்து நசீருதீன் இறங்கினான். முகத்தை மறைத்துத் தொங்கிய பூச்சரத்தைக் கழற்றித் தங்கையிடம் கொடுத்தான். ஷெர்வானிக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நேரே கவுஸிடம் வந்து, எங்கே நிற்கட்டும் என்று கேட்டான். மாப்பிள்ளை இதெல்லாம் செய்யக் கூடாது என்று கவுஸ் பதறினான். கோடு என்றால் எல்லாரும் நிற்க வேண்டும் என்று நீங்கள்தானே சொல்வீர்கள் மாமா என்று சொல்லிவிட்டு, போலீஸ்காரருக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். எனக்கு அந்தப் பையனைத் தூக்கிக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

மாப்பிள்ளையே குனிந்த பிறகு மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? கூட்டாளிகள் இறங்கினார்கள், சித்தப்பாமார்கள் இறங்கினார்கள், பெண்கள் இறங்கி ஜான் பீயிடம் போனார்கள். டிரைவர் டீ குடிக்கப் போய்விட்டார். வெயிலில் சுட்டுக் கிடந்த பஸ்ஸுக்குள் அக்பர் அலி மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தார். எத்தனை நேரம்தான் வேகுவார்? கடைசியில் இறங்கினார். இறங்கினாலும் விறைப்பு குறையவில்லை. மைதானத்து ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அவர் செருப்புக்கு முன்னால் துருப்பிடித்த ஆணி ஒன்று கிடந்தது. ஆணியையே நிறுத்து விற்கிற மனுஷன். அதைப் பார்த்துவிட்டு எப்படிச் சும்மா நிற்பார்? அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குனிந்து எடுத்தார். நாலடி தள்ளி இன்னொன்று. அப்புறம் ஒரு வாஷர். கொஞ்ச நேரத்தில் அவர் வரிசைக்குள்ளேயே இருந்தார். பக்கத்தில் நடந்த என்னைப் பார்த்து, பார்த்து வாய்யா, ஒரு கம்பியை விட்டுட்டியே என்று அதட்டினார். பட்டு ஜிப்பாப் பை கனத்து ஒரு பக்கமாகத் தொங்கியது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மைதானத்தின் மறு கோடியை நாங்கள் தொட்டபோது, புல்லட்டில் கட்சிக்காரர் ஒருவர் வந்தார். ஹெலிகாப்டர் வரவில்லை, தலைவர் ரோட்டு வழியாகத் தருமபுரிக்கே போகிறார், கூட்டம் அங்கேதான் என்று கத்திச் சொல்லிவிட்டு, வந்த வேகத்திலேயே போய்விட்டார்.

எல்லாரும் கவுஸைப் பார்த்தார்கள். கை நிறையச் சோடா மூடியோடு அவன் அந்தக் கோடியில் நின்றான். பாவி, இதற்காகவா பந்தலைப் பிரித்தோம் என்று யாரோ சொன்னார்கள். நாலைந்து இளவட்டங்கள் சிரித்துக்கொண்டே, துணியை எடுத்துக் கட்ட ஓடினார்கள். நான் அக்பர் அலியைப் பார்த்தேன். செத்தோம் என்று நினைத்தேன். இந்த ஒரு சாக்கு போதுமே அவருக்கு.

அவர் கையை உயர்த்தினார்.

"இருங்கப்பா, யாரும் கட்டாதீங்க. சம்பந்தி சொல்லட்டும்."

நிச்சயம் செய்த நாளிலிருந்து அந்த மனுஷர் வாயில் அந்த வார்த்தை வந்ததில்லை. கவுஸ் பாய் என்பார், அல்லது 'இதப் பாருங்க' என்பார். ஜான் பீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அத்தனை பேர் நடுவில் நின்று அழுதேன். கவுஸுக்குக் கண் நிறைந்துவிட்டது. துணியோடு இளவட்டங்கள் காத்துக்கொண்டு நின்றார்கள். அவன் தோள்பட்டையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஹெலிகாப்டர் வர வேண்டிய ராயக்கோட்டைப் பக்கம் வானத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்தான்.

"வரலன்னு சொன்னது திடீர்னு வந்து எறங்கறதும் உண்டுங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாக்கலாமுங்களா?"

அக்பர் அலி வயிறு குலுங்கச் சிரித்தார். சம்பந்தி சொன்னால் சரிதான் என்று தலையில் கைக்குட்டையைப் போட்டுக்கொண்டு, மொட்டை மூங்கில்களுக்கு நடுவே பாயில் உட்கார்ந்தார். நிக்காஹ் நடத்திவைக்க வந்திருந்த ஹஜ்ரத்தை ஆரம்பிக்கச் சொன்னார். கொளுத்துகிற வெயிலில், வேர்த்து ஊற்ற ஊற்ற, நசீருதீன் சம்மதம் என்று கபூல் சொன்னான்.