தலைகீழாய் நின்ற வைஸ் கால்

யப்பான்காரன் போட்ட குண்டு வெடிக்காமல் எங்கள் முற்றத்தில் குத்தி நிற்கிறது என்றுதான் நான் முதலில் நம்பினேன். அதற்குப் பச்சைப் பெயின்ற் அடித்திருந்ததுகூட என் மூளைக்கு எட்டவில்லை.

இன்று பக்கத்து வளவில் யாரோ கேற்றுக்குப் பெயின்ற் அடிக்கிறார்கள். அந்த மணத்தில் எனக்கு மறுபடி எட்டு வயது.

குண்டுவீச்சுக்குப் பயந்து கந்தளாய்க்கு ஓடிய அம்மாவும் நானும் அன்றுதான் திரும்பியிருந்தோம். துறைமுகத்தில் இயந்திரங்கள் பூட்டும் பிற்றராக இருந்த அப்பா, கழித்துப்போட்ட இரும்புக் குழாயொன்றைக் கொண்டுவந்து, முற்றத்தில், இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸைப் பூட்டுவதற்கு ஒரு கால் செய்திருந்தார். அது ஆடாமலிருக்க அடித்தகட்டில் மீனுக்கு இருப்பதுபோல நாலு இரும்புச் செட்டைகள். பெயின்ற் காயட்டுமென்று அதைத் தலைகீழாக மண்ணில் நட்டிருந்தார். எனக்கு அது குண்டின் வால்.

வேலி பாய்ந்தேன். காற்சட்டை வேலியிலேயே தங்கிவிட்டது. அந்தக் கோலத்தில் சந்திக்கு ஓடி, காவல் நின்ற சிப்பாய்களைக் கூட்டிவந்தேன்.

“குண்டுக்கு ஆரடா பெயின்ற் அடிக்கிறது, விசரா?” என்று அப்பா சிரித்தார். சிப்பாய்களும் சிரித்தார்கள். பிறகு ஒருவன் குனிந்து, குழாயிலிருந்த துறைமுக முத்திரையைத் தடவிப் பார்த்தான்.

“எறிஞ்ச சாமான், துரை. குப்பையில கிடந்தது,” என்றார் அப்பா. இப்போது அவர் சிரிக்கவில்லை.

அந்த இரும்புக் காலைப் பிடுங்கி லொறியில் ஏற்றினார்கள். மறுநாள் துறைமுகத்தில், களவென்று எழுதி, அப்பாவை வேலையால் நிற்பாட்டினார்கள்.